அந்தோனியார் பலகை

அன்புள்ள அத்தான்,

கனடாவில் மரக்குற்றியால் கட்டிய வீடொன்றைச் சுற்றிப் பலகைத்தளம் போடும் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். இங்கேயும் அதே வேலைதான். குண்டுவீச்சுக்குப் பதுங்கப் பனங்குற்றி அடுக்கிய எங்கள் பங்கரைச் சுற்றி மழைச்சேறு நிற்கிறது. நானும் பலகை போட்டேன்.

பலகை ஏது என்று கேட்பீர்கள். கரையில் கிடக்கும் உங்கள் வள்ளத்தின் பலகை காய்ந்து வெடிக்காமல் தண்ணீர் தெளிக்கும்படி ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறீர்கள். கடலுக்குப் போகத் தடை வந்த பிறகும் ஒரு வருடம் தெளித்தேன். இனித் தெளிக்க ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டு அடைக்கலநாதன் அண்ணைதான் வள்ளத்தைப் பலகை பலகையாகக் கழற்றித் தந்தார். வள்ளத்தின் முன்பலகையை எடுத்தபோது, "தங்கச்சி, உதிலை அந்தோனியாற்றை பேரெல்லோ கிடக்கு. சீவிப்போட்டு அடிக்கட்டோ?" என்று கேட்டார். வள்ளத்துக்கு நீங்கள் வைத்து, உங்கள் கையால் எழுதிய பெயர். வேண்டாம், அப்படியே பங்கர் வாசலில் அடியுங்கோ என்றேன்.

அதுதான் பிழை. செவ்வாய்க்கிழமை பொம்பர் விமானம் வந்தது. சின்னவள் பங்கருக்குள் இறங்க அந்தப் பலகையில் கால் வைக்காமல் சேற்றுக்குள்ளால் சுற்றி ஓடி விழுந்துவிட்டாள். "பேரிலை மிதிச்சால் பாவமெல்லோ அம்மா" என்கிறாள். கை முறிந்ததோடு போயிற்று.

அன்றைக்கே அந்தப் பலகையைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டேன். வாசலில் ஒரு பலகை அகலத்துக்குச் சேறு கிடக்கிறது. தாண்டித்தான் இறங்குகிறோம்.

நீங்கள் வருவதென்றால் அது கட்டிலுக்குக் கீழேயே கிடக்கட்டும். வரமாட்டீர்கள் என்றால் அதையாவது ஒளிக்காமல் எழுதுங்கள். பெயரைச் சீவிவிட்டு அதே இடத்தில் அடித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் தாய்