சால்வியாவுக்கு ஒரு பழைய சேலை

அன்புள்ள புஷ்பம்,

நீயும் பிள்ளைகளும் நலந்தானே? நம் சின்னவளுக்குச் சளி விட்டதா? எனக்கு ஒரு குறையுமில்லை. சேலைக்கடை லீவு நாளில்தான் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

போன லீவில் வீட்டுக்கார அம்மாவின் மாடித் தோட்டத்தில் கை வைத்தேன். சால்வியாச் செடிகளில் காய்ந்த பூக்கதிர்களைக் கத்தரித்து, சாய்ந்த தண்டுகளைக் குச்சி ஊன்றிக் கட்டினேன். பார்சல் போட்டுப் பழகிய கை, சணலை இறுக்கிவிட்டது. மறுநாள் இரண்டு தண்டு ஒடிந்து தொங்கின.

"இன்னா நைனா, சேல பார்சல்னு நெனச்சிக்கினியா? பழைய துணிய கிழிச்சி லூசா கட்டு" என்று அந்தம்மா சிரித்தார்.

கடை நிறையச் சேலை. எல்லாம் புதுசு, மொடமொடப்பு. உன் பழைய நூல் சேலை ஒன்றை பஸ்ஸில் போட்டுவிடு. கடைக்கு நேரமாகிவிட்டது.

துவைக்காமல் அனுப்பு.

ஜவஹர்