வண்டியின் மேல் போட்ட விரிப்பு

ஸ்ரீரங்கம், மேலூர் சாலை
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கலைமதிக்கு வீரமலை எழுதுவது.

ஆதிரை நன்றாக இருக்கிறாள். கடிதத்தைப் பார்த்ததும் உனக்குப் பகீரென்று இருக்கும் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன். காய்ச்சல் இல்லை. சாப்பிடுகிறாள். கடைவாயில் ஒரு பல் முளைக்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். தினமும் இரண்டு வேளை வீடியோவில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன்னோடு மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஆலியா லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறாளாம். பாலக்கரையில் அவள் வீட்டுக்கே போய் இதைக் கொடுக்கப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அரவிந்தன் மச்சான் வந்து குழந்தையை உப்பிலியபுரத்தில் உங்கள் வீட்டுக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. இனி வேணி அண்ணியை நம்பிப் பிள்ளையை விட மாட்டேன் என்று நீ சொன்னதால் வந்த ஏற்பாடு அது. அதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும். என் அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தத் தள்ளுவண்டியை விரிப்பால் மூடியது நான்.

நீ வண்டியை அனுப்பியபோது எப்படிப் பழக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினாய். முதலில் வீட்டுக்குள்ளேயே ஐந்து ஐந்து நிமிஷம் உட்கார வை, பிடித்ததைக் கையில் கொடு, சீட்டை உன் பக்கம் பார்த்த மாதிரி திருப்பு, உன் முகம் தெரிந்தால் பயப்பட மாட்டாள் என்றாய். அப்படியேதான் செய்தேன். எவர்சில்வர் டம்ளரைத் தட்டிக்கொண்டு கூடம் முழுக்க ஊர்வலம் போனாள். வண்டியை நிறுத்தினால்தான் கத்துவாள். தெருவுக்கு வந்த பிறகு கஷ்டப்பட்டது அவள் இல்லை, நான்தான்.

எங்கள் வாழை இலை மண்டியில் மூட்டை தூக்கும் பிச்சைமுத்து அண்ணனை உனக்குத் தெரியும். ஒரு நாள் ராஜகோபுரம் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, “என்ன மாப்ள, பொண்டாட்டி பிளேன்ல போறாங்க, நீங்க தள்ளுவண்டிக்கு வந்துட்டீங்க” என்றார். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காந்தி மார்க்கெட்டில் விடியற்காலையில் அவ்வளவு பெரிய குரலில் ஏலம் கூவுகிறவன், அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாள் கட்டிலில் கிடந்த பூப்போட்ட விரிப்பை எடுத்து வண்டி மேல் போட்டேன். யாராவது கேட்டால், “கண்ணு பட்டுடும்னு அக்கா மூடச் சொன்னாங்க” என்றேன். விரிப்பைப் போட்டால் மட்டும் அது இலைக்கட்டு ஆகிவிடுமா என்ன? ஆனால் வெட்கம் பிடித்தவனுக்கு அந்த யோசனையெல்லாம் வருவதில்லை. என் முகம் தெரியாமல் குழந்தை உள்ளே அழ ஆரம்பித்தாள். உன்னிடம் அவளுக்கு வண்டியே பிடிக்கவில்லை என்று சொன்னேன். நான் பக்கத்தில் இருந்து பழக்கியிருந்தால் பழகியிருப்பாள் என்று நீ அழுதாய். பொய்யைச் சொன்ன நானே உனக்கு ஆறுதலும் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை மூன்றரை மணி இருக்கும். சித்திரை வெயில் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடையில் பிச்சைமுத்து அண்ணனும் மண்டி ஆட்களும் நின்றிருந்தார்கள். வண்டியைக் கொஞ்சம் தள்ளி ஒரு சுவரோரம் நிறுத்திவிட்டு, என்னோடு வந்ததே இல்லை என்கிற மாதிரி போய் நின்றேன். அங்கே நிழல் இல்லை. அரைமணி நேரம் பேசினேன். அவள் அழுதது கேட்டது. பிறகு அழுகை நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன் கலை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

விரிப்பை எடுத்தபோது முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. முடி நனைந்து ஒட்டியிருந்தது. தூக்கினால் கை கால் துவண்டு தொங்கியது. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இந்த வெயிலில் யார் துணி போட்டு மூடியது, உள்ளே காற்றே போயிருக்காதே என்று டாக்டர் கேட்டார். “எங்க அக்காதான் திருஷ்டிக்காக...” என்று என் வாய் சொன்னது. தெருவெல்லாம் சொல்லிப் பழகிய பொய், யோசிக்காமலே வந்துவிட்டது. திரும்பினால் அக்கா வாசலில் நிற்கிறார். செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருக்கிறார். அங்கிருந்த நர்ஸம்மா அவரைத் திட்டினார்கள். அன்று ராத்திரி போனில் நீயும் திட்டினாய். இரண்டு பேரிடமும் அக்கா வாயைத் திறக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். “உன்னை நம்பித்தான்டா அவ புள்ளைய விட்டுட்டுப் போயிருக்கா. அதுவும் இல்லன்னு ஆயிட்டா அங்க எப்படி வேலை பார்ப்பா” என்றார். நம் பிள்ளைக்காகத் தையலையே விட்டவர். இப்போது குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். ரசம் சாதத்தில் நெய் விட்டால்தான் இறங்கும், தூங்கும்போது காதைத் தடவ வேண்டும் என்று மச்சானிடம் கொடுப்பதற்காக ஒரு தாளில் எழுதுகிறார். அதைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வண்டியைக் கண்டாலே ஆதிரை அக்காவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். அதனால் முதலிலிருந்து ஆரம்பித்தேன். வண்டியைக் கூடத்தில் சும்மா நிறுத்தி வைத்தேன். நாலு நாள் கழித்துத் தன் பொம்மையை அதில் உட்கார வைத்து அவளே தள்ளினாள். அப்புறம் தானும் ஏறினாள். மேல்கூரையை முழுக்கப் பின்னால் தள்ளி, நான் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தால் வார் மாட்ட விடுகிறாள். நேற்று வெயில் தாழ்ந்ததும் தெருவுக்குப் போனோம். சீட்டு என்னைப் பார்த்தபடி. நேராக டீக்கடைக்கே போனேன்.

பிச்சைமுத்து அண்ணன் கீழே விழுந்த செருப்பை எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார். அன்றைக்கு வண்டியை மூடியது நான்தான், நீங்கள் கேலி செய்ததால் மூடினேன் என்று சொன்னேன். அவர் விழித்தார். நான் எப்ப மாப்ள கேலி பண்ணேன் என்று கேட்டார். நடிக்கவில்லை, அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. அவர் மறந்துபோன ஒரு பேச்சுக்காக நம் பிள்ளையை வெயிலில் நிறுத்தியிருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுத இரண்டு தடவை பேனாவை எடுத்தேன், வரவில்லை. வேறு ஒன்று கேட்கிறேன். இதைப் படித்ததும் முதல் போன் அக்காவுக்குச் செய். உன் குரலில் ஒரு தடவை அண்ணி என்று கேட்டால் அவருக்குப் போதும். குழந்தை உப்பிலியபுரம் போக வேண்டும் என்றே நீ முடிவு செய்தாலும் சரி, அக்காவை நம்பாததால் என்று மட்டும் இருக்க வேண்டாம். என்னை நம்பாததால் என்று மச்சானிடம் நானே சொல்கிறேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. என்னைக் கூப்பிட எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்கிறேன். அப்போது எனக்கு உன் முகத்தைக் காட்டப் பிடிக்காமல் உன் பக்கத்துக் கேமராவை நீ மூடிவைத்தால் மூடிவை. என் பக்கம் திறந்தே இருக்கும்.

இப்படிக்கு,
வீரமலை