உங்கள் பெயரில் ஓடிய தையல் கடை

இன்று காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோ ஆப்பைத் திறந்தேன். மேல் மூலையில் உங்கள் படம் இல்லை. மீசையை முறுக்கிவிட்டு, பின்னால் பேரீச்ச மரம் தெரிய நீங்கள் நின்ற இடத்தில் இப்போது ஒரு சின்ன வட்டம். அதற்குள் என் பெயரின் முதல் எழுத்து. மாற்றியது நானேதான். ஆனாலும் வேறு யாருடைய போனையோ எடுத்துவிட்டோம் என்று ஒரு நிமிடம் தடுமாறிப்போனேன்.

எல்லாம் நீங்கள் செய்த வேலை. சவூதியில் இருந்து லீவில் வந்தபோது எனக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தீர்கள். திருக்கோகர்ணத்து வீட்டில் என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். எந்த ஆப்பைத் திறந்தாலும் பெயர் கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும். நீங்கள் எதையும் நிரப்பவில்லை. சமூக வலைத்தளக் கணக்கு வழியாக உள்ளே போகும் பட்டனையே தட்டிக்கொண்டு போனீர்கள். அந்தக் கணக்கு உங்களுடையது. ஆட்டோ, துணிக்கடை, டிசைன் பார்ப்பது, நான் ஆரி வேலை பிளவுஸுக்கு ஆர்டர் எடுக்கிற ஆப், எல்லாமே உங்கள் முகத்தோடும் பெயரோடும்தான் திறந்தன. ஒன்றாவது என் பெயரில் இருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"ஒனக்கு எதுக்கு இத்தன பாஸ்வேர்டு? நீதான் என் பேரச் சொல்ல மாட்டேங்கற. ஒன் போனாவது சொல்லட்டும்" என்றீர்கள்.

கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க'தானே உங்கள் பெயர்.

அதனால் பட்ட பாடு கொஞ்சமா? பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ வந்து நிற்கும், பெயரைச் சொல்லச் சொல்வார்கள். நான் போனைத் திருப்பிக் காட்டுவேன். ஒருவர் அதை ஊருக்கே கேட்கிற மாதிரி படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கறம்பக்குடியில் இருந்து ஒரு அக்கா போன் செய்து, சார் இருக்கிறாரா, அவர் தைத்த பிளவுஸ் கைப்பக்கம் பிடிக்கிறது என்றார். அதைச் சொன்ன அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் முதல் கேள்வி, "இன்னைக்கு நான் எத்தன பிளவுஸ் தச்சேன்?" என்பதுதான்.

போன வருஷம் நீங்கள் பெட்டியில் வந்து சேர்ந்தீர்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம், அழுதது போதும். ஆனால் போன் உங்களை விடவில்லை. ஆர்டர் ஆப்பைத் திறந்தால் உங்கள் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும். வேலை இல்லாத நேரத்திலும் அதைத் திறந்து பார்ப்பேன். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

அப்போதுதான் உங்கள் பிறந்தநாள் வந்தது. விவரம் தெரியாத பழைய சிநேகிதர் யாரோ உங்கள் வலைத்தளப் பக்கத்தில் கேக் படம் போட்டு, நூறாண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்தியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் அதை அத்தையிடம் காட்டிவிட்டாள். மகனைப் பறிகொடுத்தவர்கள், அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் உங்கள் தம்பி வந்து, கணக்கை நினைவுப் பக்கமாக மாற்றிவிடலாம் அண்ணி என்றார். அப்படி மாற்றினால் அதற்குள் யாரும் நுழைய முடியாதாம். அதை வைத்துத் திறக்கிற ஆப்புகளும் இன்றோ நாளையோ பூட்டிக்கொள்ளும். என் வாடிக்கைக்காரர்களின் அளவு, தை மாதக் கல்யாணங்களுக்கு வந்த ஆர்டர், எல்லாம் அதில்தான் இருந்தன. அத்தை பட்ட வேதனையும் நியாயம், என் பிழைப்பும் நியாயம். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டேன்.

ஒவ்வொரு ஆப்பாக உங்களை எடுத்துவிட்டு என் நம்பரைச் சேர்த்தேன். நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று உங்கள் படத்துக்குக் கீழேயே கேட்டது. பாவி, இதைக் கேட்க வேறு இடமா கிடைக்கவில்லை என்று இருந்தது. ஆர்டர் ஆப் மட்டும் எதற்கும் மசியவில்லை. உதவி நம்பருக்குக் கூப்பிட்டேன்.

பேசிய பெண், கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றாள். எங்க வீட்டுக்காரர் பெயரில் என்றேன். அந்தப் பெயரைச் சொல்லுங்கள் என்றாள். போனிலேயே போனைத் திருப்பிக் காட்ட முடியுமா? எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தையைப் பார்த்தேன், அவர்களாவது சொல்லட்டும் என்று. நீங்கள் போனதிலிருந்து அவர்களும் 'எம்புள்ள' என்பதோடு சரி, பெயரை எடுப்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள். லைனில் இருக்கிறீர்களா என்று அந்தப் பெண் மறுபடி கேட்டாள்.

சொன்னேன். இனிஷியலோடு, முழுப் பெயரையும் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சாரிடம் பேச முடியுமா என்றாள். அவங்க தவறிட்டாங்க என்றேன். என்னென்ன சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். அனுப்பியதும் அளவுகள், ஆர்டர்கள் எதுவும் போகாமல் கடை என் பெயருக்கு வந்துவிட்டது. உங்கள் பக்கத்தையும் தம்பி மாற்றிவிட்டார்.

அன்று அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டுப் போனை வைத்தபோது, பெயரைச் சொன்னதற்கு அத்தை திட்டப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார்கள்.

"அந்தப் பேர இந்த வீட்டுல கேட்டு எம்புட்டு நாளாச்சு. இன்னொரு தடவ சொல்லு ஆத்தா" என்றார்கள்.

சொன்னேன். இருவரும் அழுதோம்.

இப்போதெல்லாம் சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் அவர்களுக்குக் கேட்கிற மாதிரி ஒரு தடவை உங்கள் பெயரைச் சொல்கிறேன். கூச்சம் போய்விட்டது, நாக்கு பழகிவிட்டது. நீங்கள் இருந்தபோதே உங்கள் காதில் ஒரே ஒரு தடவை விழுந்திருக்கலாம்.