ரிங்குக்கு ரிங் ஓரடி

கல்மேட்டுப்புதூர்,
11-1-1987

அன்பு மகள் தெய்வநாயகிக்கு அப்பன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அம்மாவின் முழங்காலும் என் வாயும் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. வடக்கே அந்த ரூர்க்கி காலேஜ் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது அம்மணி. முழங்காலுக்குத் தைலம் இருக்கிறது, என் வாயால் வந்த வினைக்குத்தான் மருந்து உன்னிடம் கேட்கிறேன்.

பெண்கள் பள்ளிக்கூடத்தை ஒட்டி நிற்கிற குடிதண்ணீர் டேங்க் காரை கொட்டுகிறது, இடித்துவிட்டுப் பக்கத்திலேயே புதிசு கட்டப்போகிறார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு நீ, பூகம்பம் தாங்கவேண்டுமானால் தூண் கம்பிகளைச் சுற்றி நாலு அங்குலத்துக்கு ஒரு ரிங் கட்டவேண்டும், விசாரியுங்கள் என்று பதில் போட்டாய். நான் எங்கே விசாரித்தேன், போன மாதம் பஞ்சாயத்து சேர்மன் பொங்கல் ஜிப்பாவுக்கு அளவு கொடுக்க வந்தார், அவர் வயிற்றை டேப்பால் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் உன் கடிதம் முழுவதையும் படித்துக்காட்டிப் பீற்றிக்கொண்டேன். பூகம்பத்துக்கே படிச்ச புள்ளைங்களா என்று வாயைப் பிளந்த மனுசன், மறுவாரமே வேலை நடக்கிற இடத்தில் போர்டு வைத்துவிட்டார், பூகம்பம் தாங்கும் குடிநீர்த் தொட்டி, ஆலோசனைப் பொறியாளர் செல்வி தெய்வநாயகி என்று. நான் கடைக்கு வந்தவனுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தேன், பட்டன் வாங்க வந்தவனைக்கூட விடவில்லை.

உன் அம்மாதான் பார்த்துவிட்டு வந்து, போர்டுல இருக்கறது கம்பியில இல்லீங்க, போயி அளந்து பாருங்க என்றாள். அளந்தேன். ரிங்குக்கு ரிங் ஓரடி. காண்ட்ராக்டர் அங்கமுத்து இளநீரை உறிஞ்சிக்கொண்டே, பூகம்பமெல்லாம் வடக்கத்திச் சமாச்சாரமுங்க, நம்மூருக்கு வர அதுக்கு வழி தெரியாதுங்க, வந்தாலும் போர்டைப் படிச்சுட்டுத் திரும்பிப் போயிருமுங்க என்கிறான். இவன் கட்டின சந்தைச் சுவரில் ஒரு எருமை முதுகு சொறிந்ததற்கே சுவர் படுத்துவிட்டது, எருமைக்கு அவன் போர்டு வைக்கவில்லை போலிருக்கிறது. சேர்மனிடம் ஓடினேன். உங்க மக சொன்னதுன்னு நீங்கதான படிச்சீங்க, இப்ப மாத்திப் பேசுனா ஊரே சிரிக்குமுங்க என்றவர், அடுத்த மூச்சில், ஜிப்பாவுக்குக் காஜா எடுத்தாச்சுங்களா என்கிறார்.

பத்தொன்பதாம் தேதி கான்கிரீட் போட்டு மூடுகிறார்கள். அப்புறம் கம்பியை எவன் அளப்பது. கீழே முந்நூறு பெண் பிள்ளைகள் மத்தியானச் சோறு உண்கிற இடம், மேலே உன் பெயர். ஆகவே இது கண்டவுடன், நான் ஒப்புதல் தரவில்லை, ரிங் இடைவெளி தவறு, வேலையை நிறுத்துங்கள் என்று சேலம் கலெக்டருக்குத் தந்தி அடி. நானும் டேப்பை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன், பீற்றியது நான், படித்துக்காட்டியது நான், பெண் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஊர் சிரிக்கட்டும்.

ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே, ராத்திரிச் சாப்பாட்டை விடாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். நீ நூறாண்டு நன்றாக இருக்கவேண்டும் சாமி. தந்தி பதினாறாம் தேதிக்குள் சேர வேண்டும், மறந்துவிடாதே. இன்று காலையில் போர்டில் உன் பெயர் மேல் நானே தார் பூசிவிட்டேன். எவன்டா பூசினது என்று அங்கமுத்து கத்தினான், நான்தான் என்றேன், பிரஷ் கையிலேயே இருந்தது.

இப்படிக்கு,
உன் அப்பன்
டெய்லர் காளியப்பன்