நான் எழுதாமல் விட்ட ஆள்

பதிப்பாளர் கொழும்பிலிருந்து பேசினார். புத்தகத்தை இரண்டாம் முறை அச்சடிக்கப் போகிறாராம். கறைபடாத பிரதி ஒன்று அனுப்பச் சொன்னார். கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டியை இழுத்துத் திறந்தேன். பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது. நோர்வூட் மழை உனக்குத் தெரியாததா? விற்காமல் திரும்பி வந்த அத்தனை பிரதிகளிலும் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒன்று இருந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவது போல மூலை மடித்துப் போட்டிருந்தாய். நீ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன பிரதி. இத்தனை நாள் அதைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை.

நீ குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது உன் நிரோஷாவுக்கு ஐந்து வயது. என் தர்ஷினிக்கும் ஐந்துதான். தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் இருந்தோம். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர். லயத்தில் செல்போன் இருந்தது என்னிடம் மட்டும்தான். அதனால் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நீ எடுக்கும் அழைப்பு என் வீட்டுக்கே வந்தது.

நீ போன எட்டாவது மாதம் நிரோஷாவுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கே நாள். அடக்கம் முடிந்து வந்த உன் வீட்டுக்காரர் எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அவளுக்குச் சொல்ல வேணாம் தங்கச்சி. அங்க தனியா கெடந்து எதையாவது செஞ்சுக்குவா. தவணை முடிஞ்சு வரட்டும். நேர்ல சொல்லிக்குவோம்."

நான் சரி என்றேன். அன்றைக்கு அது இரக்கமாகத்தான் தோன்றியது.

முதல் வெள்ளிக்கிழமை பிள்ளை தூங்குகிறாள் என்றோம். அடுத்த வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றோம். மூன்றாவது வாரம் நீ விடவில்லை. "நிரோஷாவக் குடுங்க, ஒரு வார்த்த பேசிட்டு வச்சிர்றேன்" என்று கெஞ்சினாய். நான் அண்ணன் என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த தர்ஷினியைப் பார்த்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானேதான் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, காதில் சொல்லிக் கொடுத்து, போனை நீட்டினேன்.

"அம்மா, நான் நிரோஷா பேசுறேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், நீ வரும்வரைக்கும், என் மகள் உன் மகளாகப் பேசினாள்.

நீ வந்து இறங்கியதும் உண்மையைச் சொன்னோம். நீ விழுந்து புரண்டு அழுதாய். நாங்கள் எதிர்பார்த்தபடியே அழுதாய். பல வருடங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் இரண்டு பேரும் துணி அலசிக்கொண்டிருந்தபோது, தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாய்.

"எனக்கு அப்பவே தெரியும் புள்ள."

"என்னது?"

"எம் மகளுக்கு ர வராது. நிலோஷான்னுதான் சொல்லுவா. அன்னைக்கிப் போன்ல நிரோஷான்னு சுத்தமா வந்திச்சு. அது ஒம் மகதான்னும் தெரியும். எங்க எம் புள்ளன்னு கேட்டா நீங்க சொல்லிருவீங்க. சொல்லிட்டா அது நெசமாயிரும். அதான் கேக்கல."

கையிலிருந்த துணியைக் கல்லில் போட்டேன்.

"அவருகிட்ட மட்டும் சொல்லிறாத. என்னயக் காப்பாத்திட்டதா நெனச்சுக்கிட்டு இருக்காரு. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

சொல்ல மாட்டேன் என்று உன் ஈரக் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். சொல்லவும் இல்லை. எழுதினேன்.

அதை எழுதியபோது என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. நம் பெண்கள் படுகிற பாடு நாலு பேருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். தோட்டத்தைப் பதுளைப் பக்கம் மாற்றினேன். குவைத்தைக் கொழும்பு பங்களா ஆக்கினேன். நிரோஷா சரோஜா ஆனாள். போனில் பேசும் பிள்ளையை எங்கிருந்தோ வந்த ஒரு சொந்தக்காரியின் பிள்ளை ஆக்கினேன். ர வராத நாக்கை மட்டும் மாற்றவில்லை. மாற்ற மனம் வரவில்லை. கதையே அதில்தான் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. எழுதுகிறவளுக்கு உள்ள பேராசை அது. அதற்கு நல்ல பெயர் எதுவும் வைக்க எனக்கு இப்போது விருப்பமில்லை.

அந்தக் கதையும் சேர்ந்த தொகுப்பின் வெளியீட்டு விழா ஹட்டனில் நடந்தது. பின்வரிசையில், கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பேசிய நான்கு பேரில் மூன்று பேர் பின்னட்டையைத் தாண்டிப் படித்திருக்கவில்லை. மலையகத்தின் கண்ணீர், மலையகத்தின் கண்ணீர் என்று மாறி மாறிச் சொன்னார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். நீ எழுந்து நின்று கை தட்டினாய். எங்கள் லயத்துப் பிள்ளை எழுதிய புத்தகம் என்று பக்கத்தில் இருந்த யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாய்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அட்டை போட்டாய். அடுத்த வாரம் அண்ணன் அதை எடுத்து, வேலை விட்டு வந்தவர்களைக் கூட்டி வைத்து, இஸ்தோப்பில் உட்கார்ந்து சத்தமாக வாசித்திருக்கிறார். தங்கச்சி எழுதியது என்ற பெருமை அவருக்கு. கதையில் செத்துப்போகிற பிள்ளை 'சலோஜா' என்று தன் பெயரைச் சொல்கிற இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டதாம். பிறகு சத்தமில்லாமல் கடைசிவரை படித்தாராம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உன்னைக் கேட்டாராம்.

"தெரிஞ்சேதான் இருந்தியா? புள்ள செத்தது தெரிஞ்சே அங்க இருந்து சோறு தின்னியா?"

அதற்குப் பிறகு அவர் உன்னோடு பேசவே இல்லை. லயம் முழுக்கப் பேசியது. பெற்ற பிள்ளை செத்தது தெரிந்தும் சம்பளத்துக்காக இருந்தவள் என்றார்கள். தேயிலை மலையில் உன் நிரைக்கு அடுத்த வரிசையில் நின்று கொழுந்து எடுக்கவும் சிலர் மறுத்தார்கள்.

நீ என் வீட்டுக்கு வந்தாய். வாசலிலேயே நின்றாய். புத்தகத்தை நீட்டினாய்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. நான் சொன்னது எல்லாம் இருக்கு."

"என்னய மன்னிச்சிரு புள்ள. பேரெல்லாம் மாத்தித்தானே…"

"அதக் கேக்க வரல. அந்தப் போன் யாரு வீட்டுப் போனு? பேசுன புள்ள யாரு? சொல்லிக் குடுத்த டீச்சர் யாரு? எல்லாரையும் எழுதுன. ஒன்னய மட்டும் ஏன் எழுதாம விட்ட?"

நீ கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாய். புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாய். அதுதான் நீ என்னோடு கடைசியாகப் பேசியது.

அந்தக் கதைக்குப் பரிசு கிடைத்தது. கொழும்பில் ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இது உண்மைக் கதையா என்று கேட்டார். கற்பனை என்றேன். எங்கே கூப்பிட்டாலும் அதையே வாசிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் ர வராத இடத்தில் யாராவது ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்த இடம் வருவதற்கு முன்பே என் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். அதையும் பழகிக்கொண்டேன். பார்க்கிறவர்கள் எல்லாம் அடுத்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஒன்றும் இல்லை. ஐந்து வருடமாக ஒரு கதைகூட முடிக்கவில்லை. பீலிக்கரைக்கு நான் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். "பாத்துப் பேசுங்கடி, எழுதிப்புடுவாங்க" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டதால்தான் எழுத்துக்காரி ஆனேன். ஆன பிறகு என்னிடம் சொல்வதற்கு யாரும் இல்லை.

போன மாசியில் உன் நிரையில் குளவிக்கூடு கலைந்தது. மற்றவர்கள் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். நீ விழுந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. சாவு வீட்டில் மூலையில் ஒதுங்கி நின்ற என்னிடம் அண்ணன் எழுந்து வந்தார். முகம் வற்றிப் போயிருந்தது.

"இதயாவது எழுதாம விட்டுருங்க டீச்சர்" என்றார்.

இருபது வருடமாகத் தங்கச்சி என்று கூப்பிட்ட வாய்.

பதிப்பாளரிடம் இன்று காலை நானே பேசினேன். அந்தக் கதையைத் திருத்த வேண்டும், போனில் பேசும் பிள்ளை கதை சொல்கிறவளின் பிள்ளைதான் என்று மாற்ற வேண்டும் என்றேன். "பரிசு வாங்கின கதையில கை வைக்காதீங்க டீச்சர், கெட்டுப் போயிரும்" என்றார். அப்படியானால் அந்தக் கதையே வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றேன். அது இல்லாவிட்டால் இந்தப் புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

பின்னேரம் தர்ஷினி கொழும்பிலிருந்து போனில் கூப்பிட்டாள். அவளிடம்கூட இதுவரைக்கும் நான் எதையும் பேசியதில்லை. சிறு பிள்ளை, மறந்திருப்பாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இன்று மனது தாங்காமல், அந்த வெள்ளிக்கிழமைகள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.

"எல்லாம் ஞாபகம் இருக்கும்மா. மொதத் தடவ நான் நிரோஷா பேசுறேன்னதும், அத்த ரொம்ப நேரம் ஒன்னுமே பேசல. போன் கட்டாயிருச்சுன்னு நெனச்சேன். அப்புறம், சாப்புட்டியா கண்ணுன்னு கேட்டாங்க. கடைசியில, ஒங்கம்மா சொல்றதக் கேட்டு நடந்துக்கன்னாங்க."

தன் மகளிடம் பேசுகிறவள் 'ஒங்கம்மா' என்று சொல்ல மாட்டாள். நிரோஷா இல்லை என்று தெரிந்த அந்த நிமிடத்திலேயே, என் பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டிருக்கிறாய். பீலிக்கரையில் இதை நீ என்னிடம் சொல்லவில்லை.

"இத எழுதிறாதீங்கம்மா" என்றாள் தர்ஷினி.

எழுத மாட்டேன் என்றேன். உனக்குச் சத்தியம் செய்தபோது இருந்த அதே குரலில்தான் சொன்னேன். அவள் போனை வைப்பதற்கு முன்பே, நீ பேசாமல் இருந்த அந்த நேரத்தை எத்தனை வரியில் சொல்லலாம் என்று மனது கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. நீ போன பிறகும் என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான் புள்ள. பார், எழுதிவிட்டேன்.