வைகாசியில் மாற்றிய கம்ப்யூட்டர்

மச்சான்,

காலையில் கீபோர்டைத் துடைத்தபோது பொட்டு ஒன்று துணியோடு வந்துவிட்டது. ஜன்னல் படம் போட்ட பட்டனை மறைக்க, உங்கள் தங்கச்சியிடம் ஸ்டிக்கர் பொட்டு வாங்கி நீங்கள் ஒட்டியது. "இனிமே இந்த ஜன்னல் நமக்கு வேணாம் மாப்ள" என்றீர்கள்.

பெரம்பலூரில் கல்யாணப் பத்திரிகை, போஸ்டர் டிசைன் செய்கிற கடைகளில் என் கடைதான் வைரஸுக்குத் தாய்வீடு. வருகிறவர்கள் பென்டிரைவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். எறையூர் சர்க்கரை மில்லில் ஷிஃப்ட் முடித்து நீங்கள் வந்துதான் ஃபார்மட் அடிப்பீர்கள். ஒருநாள் சலித்துப்போய்க் கேட்டீர்கள்: "திருட்டு சிஸ்டத்த வச்சுக்கிட்டு, மேல புள்ளையார் படம் போட்டுப் பத்திரிக அடிக்கிறியே, கூசல?" பத்தாவதும் டைப்ரைட்டிங் லோயரும் படித்தவனுக்குக் கூச்சம் எங்கிருந்து வரும்? உங்கள் முகத்துக்காக வந்தது. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடச் சம்மதித்தேன். எல்லாருக்கும் பொது, காசு இல்லை, யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று விளக்கினீர்கள். ஊர் ஏரி மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

மாற்றிய மாதம்தான் கோளாறு. ஆடியில் மாற்றியிருந்தால் முகூர்த்தம் இருந்திருக்காது. ஈ ஓட்டிக்கொண்டே கற்றிருப்பேன். உங்களுக்கு லீவு கிடைத்தது வைகாசியில். வருஷக்கணக்காகச் சேர்த்திருந்த டிசைன்கள் புதுசில் திறக்க மறுத்தன. திறந்த ஒன்றிரண்டிலும் மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக இருந்தது. பாதிப் பேர் எதிர்த்த கடைக்குப் போனார்கள். நீங்கள் சிரித்தீர்கள். "கொஞ்ச நாள் பொறு மாப்ள. உன்னத் தேடி வருவாங்க." உங்கள் தங்கச்சியிடம் உங்களைத் திட்டாத நாள் கிடையாது. அவள் எந்தப் பக்கம் என்று சொல்லவா வேண்டும்.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. சாயந்திரம் எடுப்பது என்று முடிவானது. மதியத்துக்குள் கண்ணீர் அஞ்சலி சுவரில் இருக்க வேண்டும். உங்கள் சித்தப்பா எல்லார் முன்னாலும் சொன்னார்: "எதிர்த்த கடையில குடுத்துடுங்க மாப்ள. ஒங்க பொட்டிய நம்பி எழவு வூட்ல உக்காந்திருக்க முடியாது."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் உங்களைக் கொண்டுபோய் எதிர்த்த கடைக்காரனின் திருட்டு சிஸ்டத்தில் படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. கடையைத் திறந்து உட்கார்ந்தேன். நீங்கள் சொல்லிக்கொடுத்து, நான் காதில் வாங்காத ஒவ்வொன்றும் அன்றைக்குக் கைக்கு வந்தது. கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே படம், சிஸ்டம் மாற்றிய அன்று என் நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் சிரித்தது. அதையே வைத்தேன். தோற்றம், மறைவு அடித்தேன். ஓர் எழுத்துகூட உடையவில்லை. அதற்காக வந்த ஆத்திரத்தை யாரிடம் போய்ச் சொல்ல? சித்தப்பா போஸ்டரைப் பார்த்து, "செத்தும் சிரிக்கிறான் பாரு" என்றார். பிறகு அந்தச் சுவரோரமே உட்கார்ந்து அழுதார்.

உங்கள் வாக்கு பலித்துவிட்டது மச்சான். தேடி வருகிறார்கள். குரும்பலூரிலிருந்து, அரியலூரிலிருந்துகூட. கல்யாணத்துக்கு இல்லை. "சிரிச்சாப்ல ஒருத்தருக்குப் போட்டீங்களே, அதே மாதிரி எங்கப்பாவுக்கும் போட்டுக் குடுங்க" என்கிறார்கள். உங்கள் ஃபைலைத் திறக்கிறேன். முதலில் உங்கள் படத்தை எடுக்கிறேன், பிறகு பெயரை. அந்த இடத்தில் அவர்களுடைய ஆளை வைக்கிறேன். என் வீட்டு அடுப்பு இப்போது அதில்தான் எரிகிறது.

பாப்பா காலேஜ் போகிறாள். என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நேற்று சொன்னாள்: "மாமா படம் இல்லாம, வெறும் மாதிரியா ஒன்னு சேவ் பண்ணி வச்சுக்கங்கப்பா. ஒவ்வொரு தடவையும் எதுக்கு?"

எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டாள்.