ஆறு மில்லிமீட்டர் வளைவு

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கண்ணாடியில் துளை போட நீங்கள் வடிவமைத்த அதிர்வுத் தண்டு, அந்த ஹார்ன், செவ்வாய்க்கிழமை காலை உடைந்தது. நொடிக்கு இருபதாயிரம் தடவை அதிர்ந்து கண்ணாடியைக் குடைந்துகொண்டிருக்கும்போதே மெல்லிய பாதி தெறித்து, நம் லேத்காரரின் இடது கண்ணில் பாய்ந்தது. கண் போய்விட்டது. உயிருக்கு ஆபத்தில்லை.

மகளும் பேரனும் சுகம். பயலுக்கு முன்பல் இரண்டு வந்துவிட்டது. ஆளைப் பார்த்தால் கடிக்கிறான்.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. தடித்த பாகம் மெலிந்த பாகத்தோடு சேரும் மூலையில் ஆறு மில்லிமீட்டர் வளைவு போட்டிருந்தீர்களே, அதை எடுக்கச் சொன்னது நான்தான். வளைவு இருந்தால் நுனியின் ஆட்டம் குறைகிறது, துளை போட நேரமாகிறது என்று வாங்க வந்த கம்பெனிக்காரன் முகம் சுளித்தான். உங்களைக் கேட்டால் மறுபடி கணக்கு, மறுபடி ஒரு மாதம். லேத்காரர் கூடத் தயங்கினார். "மாப்பிள்ளை காரணம் இல்லாமலா போட்டிருப்பாரு, முதலாளி?" என்றார். காரணமா உனக்குச் சம்பளம் கொடுக்கிறது என்று கேட்டேன். வெட்டிவிட்டார். நுனியைக் கொஞ்சம் சீவி, அதிர்வுக்குச் சுருதி சேர்த்தோம். மூன்று நாள் கண்ணாடி மாவாய்க் கொட்டியது. நாலாம் நாள்தான் அந்த மூலையிலேயே முறிந்து இப்படி.

கம்பெனிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வரைபடம் யாருடையது? வளைவில்லாத வரைபடம் ஒன்று இத்துடன் இருக்கிறது. பழைய தேதி போட்டுக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். உங்கள் கணக்கு நோட்டையும் அனுப்பிவிடுங்கள். இங்கே யார் கண்ணிலும் படாது.

நான் விழுந்தால் பட்டறை விழும், பதினோரு பேர் தெருவுக்கு வருவார்கள். நீங்கள் விழுந்தால் நீங்கள் மட்டும்தான். இதில் யோசிக்க எனக்கு நேரம் பிடிக்கவில்லை.

லேத்காரரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கட்டுப் போட்ட முகத்தோடு உங்களைத்தான் விசாரித்தார். தப்பு உங்கள் மேல் இல்லை என்று உங்களுக்குச் சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தையே கம்பெனிக்கு அனுப்பினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எழுத்தைப் பாருங்கள், என்னுடையதல்ல. நான் சொல்லச் சொல்ல எழுதுவது உங்கள் மனைவி. இதுவரை ஒரே ஒரு தடவை பேனாவை நிறுத்தினாள். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா" என்றாள். அதையும் எழுது என்றேன். எழுதிவிட்டாள்.

வெயிலில் அலையாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு. பேசி முடித்தது இவ்வளவுதான். லேத்காரருக்கு ஆயுசுக்கும் வாட்ச்மேன் வேலை, வாய் திறக்கக் கூடாது. நீங்கள் மூன்று வருடம் இந்தப் பக்கம் வரக் கூடாது; அதுவரை பெண்ணும் பிள்ளையும் என் வீட்டில், ஒரு குறையும் இல்லாமல். கம்பெனிக்கு இரண்டு புது ஹார்ன், இலவசமாக. மூலையில் உங்கள் ஆறு மில்லிமீட்டர் வளைவோடு.